நிலத்தின் மின்தடை குறைந்தால் நன்னீரா?

கேள்வி: தார்ப் பாலைவனத்தில், ஜெய்சல்மேர் பக்கம், நிலத்தடி நீர் தேடும் சோதனையில் மின்தடை (மண் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) மிகக் குறைவாகக் காட்டிய இடத்தில் போர் போட்டோம். உப்புநீர்தான் வந்தது. சோதனை தவறா?

பதில்: அளவீடு சரியாகவே இருக்கலாம், பொருள் கொண்டதில்தான் பிழை. களிமண், உப்புநீர் இரண்டுமே பெரும்பாலும் 10 ஓம்-மீட்டருக்குக் (நிலத்தின் மின்தடையை அளக்கும் அலகு) கீழே காட்டும். நன்னீர் நிறைந்த மணற்கல் ஏறத்தாழ 20 முதல் 100 வரை வரும். காய்ந்த மணல் பல நூறைத் தாண்டும். அங்கே மின்முனைக்கு, அதாவது சோதனைக்காக மண்ணில் அடிக்கும் உலோக முளைக்கு, மண்ணோடு தொடர்பு கிடைப்பதே பெரும்பாடு. முளையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், இல்லையேல் அளவுகள் தாறுமாறாகும். 100 மீட்டர் ஆழம் பார்க்க, வரிசையின் இரு கோடியிலுள்ள மின்முனைகளுக்கிடையே 400 முதல் 600 மீட்டராவது வேண்டும். களிமண்ணா, உப்புநீரா என்பதை மின்தடை மட்டும் பிரித்துச் சொல்லாது. பக்கத்துக் கிணற்று நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும், பக்கத்துப் போர்களில் கண்ட மண்ணடுக்குகளின் பதிவையும் ஒப்பிட்ட பிறகே துளையிடுங்கள்.