மென்பொருளுக்குள் கதை: கேள்வி பதில்

மென்பொருள்களுக்கான பயிற்சிப் பகுதிகளை எழுதுவது என் வேலை. பயனரே முடிவெடுத்து நகர்த்தும் கதைகளை மென்பொருளில் சேர்ப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் செய்துகொண்டிருப்பது செலவுக் கணக்குச் செயலி. அதில் கதைக்கு என்ன வேலை?

பதில்: கதை என்றதும் ராஜா, மந்திரி, புதையல் என்று யோசிக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு தவிப்பு இருக்கிறது, அது தீருமா என்று பார்க்கிறோம். கதைக்கு அது போதும். உங்கள் செயலியைத் திறப்பவர் அந்தத் தவிப்போடுதான் வருகிறார்: மாதம் முடிவதற்குள் பணம் எங்கே போனது? ஒரு வரைபடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடாமல், "மூன்றாம் வாரத்தில்தான் செலவு ஏறியிருக்கிறது, திறந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். திறந்ததும், "இந்தப் பெரிய செலவு ஒருமுறை வந்ததா, மாதாமாதம் வருவதா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு ஏற்ப அடுத்த மாதக் கணிப்பு அவர் கண்முன்னே மாற வேண்டும். அப்படி எதுவும் மாறவில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: இந்த வகைக் கதைகள் எப்போது வந்தன?

பதில்: 1970களின் நடுவில், வில் குரௌதர் என்ற நிரலாளர், தான் இறங்கி ஆராய்ந்த, அமெரிக்காவில் உள்ள மாமத் குகையை வைத்து ஒரு விளையாட்டு எழுதினார். படம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் எழுத்துதான். எந்தத் திசையில் போக வேண்டும் என்று தட்டினால் அடுத்த இடம் திரையில் விரியும். 1977-ல் டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். எனக்கு இதில் பிடித்த விஷயம், குரௌதர் அதை எழுதிய காரணம். தன் மகள்கள் விளையாட வேண்டும், கணினி பழகாதவர்கள் மிரளக்கூடாது என்று நினைத்தார். நாம் இன்று செய்யப் பார்ப்பதும் அதைத்தான்.

கேள்வி: வழிகாட்ட ஒரு பாத்திரத்தை வைக்கலாம் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: வைக்கலாம், ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 97-ல் வந்த, காகிதக் கவ்வி உருவத்தில் இருந்த உதவிப் பாத்திரமான கிளிப்பியை முதலில் நினைத்துப் பாருங்கள். கடிதம் எழுதத் தொடங்கினால் போதும், உதவட்டுமா என்று வந்து நிற்கும். பலருக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. 2001-ல் வந்த பதிப்பில் அது தானாகத் தோன்றுவதை நிறுத்தினார்கள், 2007 பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். அதன் உருவத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. நேற்று வேண்டாம் என்று சொன்னதை இன்றைக்கு மறந்துவிட்டு வந்து நிற்பவரை யாருக்குப் பிடிக்கும்? உங்கள் பாத்திரத்துக்கு முகம் வரைவதற்கு முன்னால் நினைவைக் கொடுங்கள். அது தானாகப் பேசுவதைவிட, கூப்பிட்டால் வருவது நல்லது.

கேள்வி: அக்கா, நான் ஒரு பயிற்சிக் கதை எழுத ஆரம்பித்தேன். கிளைகள் பெருகிப் பெருகிக் கை மீறிவிட்டது. என்ன செய்வது?

பதில்: இது எல்லோருக்கும் வரும் தம்பி. பத்து இடத்தில் இரண்டிரண்டு வழி வைத்து, ஒவ்வொன்றையும் தனியாகப் போகவிட்டால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். யாராலும் முடியாது.

கிளைகளைப் பிரித்ததும் சீக்கிரமே ஒரே இடத்தில் திரும்பச் சேர்த்துவிடுங்கள். ஆனால் பயனர் என்ன தேர்ந்தெடுத்தார் என்பதை ஒரு மாறியில் (நிரல் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடம்) குறித்து வையுங்கள். காப்புநகல் எடுக்கும் மென்பொருள் ஒன்றுக்கு நான் எழுதிய கதையைச் சொல்கிறேன். நாளை ஒப்படைக்க வேண்டிய அறிக்கை கையில் இருக்கிறது. நகல் எடுக்கலாம், எடுக்காமல் தூங்கப் போகலாம். எதைத் தேர்ந்தாலும் காலையில் கணினி திறக்காது, அந்தக் காட்சி எல்லோருக்கும் பொது. நகல் எடுத்தவர் அங்கே கோப்பை மீட்கும் பொத்தானை அழுத்திப் பழகுவார். எடுக்காதவருக்கு வெறும் கோப்புறை திறக்கும். அவரைத் திட்டாமல், "முந்தைய இரவுக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்டேன். திரும்பிப் போய் நகல் எடுக்கிறவருக்கு, அதை ஏன் எடுக்கிறோம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. நான் எழுதியது ஆறே காட்சிகள்தான்.

இன்னொன்று, பயனர் முன்பு எடுத்த முடிவைப் பிறகு ஒரு வரியிலாவது நினைவூட்டுங்கள். "நேற்று இரவு நகல் எடுத்தீர்களே, அது இதோ" என்பது சின்ன வரிதான். தான் செய்தது கணக்கில் இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

கேள்வி: புள்ளிகளும் பதக்கங்களும் கொடுத்தால் அதுவும் கதைதானா?

பதில்: இல்லை. அது மதிப்பெண். 2012-ல் வந்த ஜோம்பீஸ் ரன் என்ற ஓட்டச் செயலியைப் பாருங்கள். காதில் கதை ஓடுகிறது, ஜோம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள், துரத்தினால் நிஜமாகவே வேகம் எடுத்தால்தான் தப்ப முடியும். ஓடுவதுதான் கதைக்குள் செய்யும் காரியமும். வேலையும் கதையும் இப்படி ஒன்றாகிவிட்டால் பதக்கம் தேவைப்படாது.

கேள்வி: எந்தக் கருவியில் தொடங்கலாம்?

பதில்: முதலில் காகிதம். அப்புறம் ட்வைன், 2009-லிருந்து இருக்கிறது, இலவசம், நிரல் தெரியாமலே தொடங்கலாம். கதை வலைப்பக்கமாக வெளிவரும், தமிழ் எழுத்தும் சிக்கலில்லாமல் தெரியும். நிரலோடு இணைக்க வேண்டுமானால் இங்க் நல்லது, 2016 முதல் திறந்த மூலமாக, அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, கிடைக்கிறது.

கேள்வி: தினமும் வருபவருக்கு இது அலுக்காதா?

பதில்: நிச்சயம் அலுக்கும். "தவிர்" பொத்தானை முதல் திரையிலேயே வையுங்கள், ஒருமுறை தவிர்த்தவரிடம் மறுபடி கேட்காதீர்கள்.

கேள்வி: பிழைச் செய்திகளையும் கதையாக எழுதலாமா?

பதில்: வேண்டாம். எழுதியது போய்விட்டதோ என்று பதறுகிறவரிடம் கதை சொல்லக்கூடாது. கோப்பு பத்திரமாக இருக்கிறதா இல்லையா என்பதை முதல் வரியில் சொல்லுங்கள். என்ன நடந்தது, இப்போது எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.