இறந்த பிறகு போடும் சாட்சிக் கையெழுத்து

கேள்வி: என் பெரியம்மா வேலூரில் அரசு செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தார், பிள்ளை இல்லை. ஜி.பி.எஃப். (அரசு ஊழியர் சேமநிதி) பணத்தில் காட்பாடியில் வீடு கட்டினார். கடைசி நான்கு ஆண்டுகள் அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். போன மாதம் காலமானார். வீட்டை எனக்கு எழுதிவைத்து, உயிலில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஆனால் சாட்சிக் கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது. அன்று உடனிருந்த இன்னொருவர் இப்போது கையெழுத்திடத் தயார். முப்பது ஆண்டுகளாக எட்டிப்பார்க்காத பெரியம்மாவின் கொழுந்தனார், கருமாதி முடிந்ததும் வீட்டுச் சாவியைக் கேட்கிறார். என்ன செய்வது? - வாசகி, குடியாத்தம்

பதில்: அந்தக் கையெழுத்தை வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது, சாட்சிக் கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது என்ற ஒரு வரிதான். நான்கு ஆண்டுகள் யார் கஞ்சி ஊற்றினார்கள், யார் எட்டிப்பார்க்கவில்லை என்பதை வாரிசுரிமைச் சட்டம் கேட்பதில்லை.

இரண்டு சாட்சிகளும் உயில் எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு. இறந்தவரின் முன்னிலை என்று ஒன்று கிடையாது. ஆகவே இந்த உயில் செல்லாது. உயில் இல்லையென்றால், பிள்ளையில்லாத இந்து விதவை தானே சம்பாதித்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குப் போகும். கணவர் வீட்டார் துரத்திவிட்ட ஒரு பெண்ணின் சம்பாத்தியமும் அப்படியே போகும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஆனால் உங்கள் வழக்கு அதன்படிதான் நடக்கும்.

1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர். சொந்தச் சம்பளத்தில் வீடு கட்டிய செவிலியர்களின் குடும்பங்கள் என்னிடம் நிறைய வருகின்றன. அவர்களில் சிலர் நீங்கள் நினைப்பதைச் செய்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒரு வழக்கில், பிறகு சேர்த்த சாட்சியைக் கூண்டில் ஏற்றினார்கள். உயிலில் இருந்த தேதியன்று அந்த அம்மா வீட்டில் இருந்தாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். "வீட்டில்தான், திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்" என்றார் சாட்சி. அன்று அந்த அம்மா மருத்துவமனையில் உள்நோயாளி. டிஸ்சார்ஜ் சம்மரியை எதிர்த்தரப்பு கையில் வைத்திருந்தது. வழக்கு அன்றே முடிந்தது. பிறகு போலீஸ் புகார் வந்தது. உயிலைப் போலியாகத் தயாரிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-ஆவது பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். சாட்சியாக உதவ வந்த அண்டை வீட்டுக்காரரும் குற்றவாளிதான். அதுவரை பாதி விலைக்கு இறங்கி வந்த எதிராளி, அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கவில்லை. "அவர் உண்மையிலேயே உடனிருந்தார்" என்பீர்கள். இருந்திருக்கலாம். அன்று அவர் கையெழுத்திடவில்லை, அவ்வளவுதான்.

வங்கி வைப்புத்தொகைக்கு நீங்கள் நாமினி என்றால் பணத்தை வாங்கலாம், சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. அதையும் உங்கள் பணம் என்று செலவழித்துவிடாதீர்கள். இறந்த பிறகு அவருடைய ஏ.டி.எம். அட்டையில் எடுத்திருந்தால் கணக்கு எழுதிவையுங்கள்.

வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் கொழுந்தனாரிடம் சமரசம் பேசுங்கள். வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. ஈமச்சடங்குச் செலவும் கடைசிக்கால மருத்துவச் செலவும் சொத்திலிருந்து முதலில் கழிக்கப்பட வேண்டியவை, ரசீதுகளைத் திரட்டுங்கள். பெரியம்மாவுக்குத் தன் தாய் தந்தையிடமிருந்து வாரிசாக வந்த நிலம் இருந்தால் அது கொழுந்தனாருக்குப் போகாது, அவருடைய தந்தையின் வாரிசுகளுக்கு, அதாவது உங்கள் அம்மா பக்கத்துக்கு வரும். ஆனால் தானப் பத்திரமாகவோ உயில் மூலமாகவோ வந்திருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் பேச உட்காராதீர்கள்.

கணவருக்கு அக்காள் தங்கைகள் உயிரோடு இருந்தால் அவர்களும் சம பங்காளிகள். அண்ணன் தம்பியிடம் மட்டும் பணம் கொடுத்து முடித்துவிட்டு, பிறகு திருவண்ணாமலையிலிருந்து வந்த அக்காளுக்கும் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கூட்டுரிமையாளர் அல்ல என்பதால், ஒரு பங்காளி இன்னொரு பங்காளிக்குத் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் உங்களுக்குப் போதாது. கிரயப் பத்திரம்தான் பதிவு செய்ய வேண்டும். முத்திரைத்தாள் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அந்த உயில் தாளைக் கிழித்துவிடாதீர்கள், அதில் ஒரு புள்ளியும் கூட்டாதீர்கள். பேச்சுக்குப் போகும்போது எடுத்துப்போய்க் கொழுந்தனாரிடம் கொடுங்கள். தன் அண்ணி யாருக்கு வீட்டை விட நினைத்தார் என்பதை, அண்ணி கையெழுத்திட்ட தாளிலேயே அவர் படிக்கட்டும்.