அந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டு கொடுங்கள்

கேள்வி: மும்பையில் வாடகைக்கு வீடு கிடைக்காத இரண்டு தமிழ் இளைஞர்கள் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் விடுதியில் குடியேறுகிறார்கள். அங்கே ஒருவனுக்குக் காதல் வருகிறது. எட்டுப் பாட்டுகளோடு இப்படி ஒரு நகைச்சுவை நாடகத்தை எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்காக எழுதினோம். ‘சம் லைக் இட் ஹாட்’, ‘அவ்வை சண்முகி’ போன்ற படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் குழுவில் உள்ள இளைஞர்கள், இது பெண்களையும் திருநங்கைகளையும் இழிவுபடுத்துகிறது என்று சொல்லி நடிக்க மறுக்கிறார்கள். வெறும் சிரிப்புக்காக எழுதியதில் எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? அந்தக் காலத்தில் யாராவது இப்படிக் கேட்டார்களா? நாடகப் பிரதியை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: பிரதியை முழுவதும் படித்தேன். இளைஞர்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

அந்தக் காலத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அன்று யாரும் கேட்கவில்லை என்றால், சேலை கட்டிய ஆணைப் பார்த்து அன்று யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் காரணம். உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை எடுத்தபோது, அரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்க இயக்குநர் பால்கேவுக்கு ஒரு பெண்ணும் கிடைக்கவில்லை. கிராண்ட் ரோடு உணவு விடுதி ஒன்றில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த சாலுங்கே என்ற இளைஞர் அந்த வேடத்தை ஏற்றார். 1917இல் வந்த ‘லங்கா தகனம்’ படத்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே. மராத்தி இசை நாடக மேடையில் பால கந்தர்வர் என்ற ஆண் நடிகர் பெண்ணாக நின்று பாடினார். அவர் சேலை உடுத்திய விதத்தையும் தலையில் பூச்சூடிய விதத்தையும் பார்த்துக் குடும்பப் பெண்கள் அப்படியே தாங்களும் உடுத்தினார்கள், சூடினார்கள். நம் மேடையில் ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்பது பெயரோடு ஒட்டிக்கொண்ட மரியாதை. கமல்ஹாசன் தம் படத்துக்குப் பெயர் எடுத்தது அங்கிருந்துதான். மறுபக்கம், 1935இல் நந்தனாராக கே.பி. சுந்தராம்பாள், 1941இல் ‘சாவித்திரி’யில் நாரதராக எம்.எஸ். சுப்புலட்சுமி. பாட வந்தவர்கள் பாடினார்கள், கேட்க வந்தவர்கள் கேட்டார்கள்.

பெண்களே மேடைக்கும் திரைக்கும் வந்த பிறகு ஆண்கள் பெண் வேடமிட வேண்டிய அவசியம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருவன் சேலை கட்டினால், கதைக்குள் யாரையோ ஏமாற்றுவதற்காகக் கட்டுகிறான் என்று ஆயிற்று. அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஏமாற்று என்று வந்துவிட்டால், ஏமாந்தது யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. உங்கள் இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் ‘சம் லைக் இட் ஹாட்’ படத்தையே பார்ப்போம். 1959இல் அதற்கு ஹாலிவுட்டின் தணிக்கை முத்திரை கிடைக்கவில்லை. முத்திரை இல்லாமலேயே வெளியிட்டார்கள். ஆகவே அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. கொலைகாரக் கும்பலிடமிருந்து தப்ப, இரண்டு வாத்தியக்காரர்கள் பெண் வேடத்தில் பெண்கள் இசைக்குழு ஒன்றில் சேர்ந்துகொள்கிறார்கள். லிஃப்டில் ஒரு கிழவன் கிள்ளிவிட்ட பிறகுதான் பெண்கள் தினமும் படுவது என்ன என்று ஜாக் லெமனின் பாத்திரத்துக்கு உறைக்கிறது. டோனி கர்ட்டிஸின் பாத்திரமோ மர்லின் மன்றோவை இரண்டு முறை ஏமாற்றுகிறது: தோழியாக ஒரு முறை, கோடீஸ்வரனாக ஒரு முறை. பிறகு தொலைபேசியிலேயே உறவை முறித்துக்கொள்கிறது.

அந்த இடத்தில் இயக்குநர் பில்லி வைல்டர் செய்ததைக் கவனியுங்கள். காதலை இழந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டைத் தருகிறார். இனி எனக்குக் காதலே வேண்டாம் என்று மேடையில் தனியாக உட்கார்ந்து அவள் பாடுகிறாள். தப்பி ஓடிக்கொண்டிருக்கும் கர்ட்டிஸ் அதைக் கேட்டு நின்றுவிடுகிறான். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், பெண் உடையோடேயே மேடையேறி அவளை முத்தமிடுகிறான். வேடம் கலைவது அங்கேதான். அவள் வேதனையை அவன் காதாலேயே கேட்க வைத்த பிறகுதான் படம் அவனுக்கு மன்னிப்புக்கு வழி விடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் காட்சி அது. ‘வெறும் சிரிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் படத்தை எடுத்தவர்கள் அப்படி நினைத்திருந்தால் இந்தக் காட்சி பிறந்திருக்காது.

எல்லோருக்கும் அந்தத் துணிவு வந்துவிடவில்லை. 1982இல் வந்த ‘விக்டர்/விக்டோரியா’ அருமையான இசைப் படம். ஆண் என்று சொல்லிக்கொண்டு மேடையில் பெண் வேடமிடும் பாடகியாக ஜூலி ஆண்ட்ரூஸ் வருகிறார். நீ ஆணாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று கதாநாயகன் சொல்லி முத்தமிடுகிறான். ஆனால் அதற்கு முன்பே அவள் அறையில் ஒளிந்திருந்து அவள் பெண்தான் என்று பார்த்துத் தெரிந்துகொண்டுவிடுகிறான். அந்த ஒரு காட்சியை இயக்குநர் வெட்டியிருக்க வேண்டும்.

‘அவ்வை சண்முகி’யில் வேடம் போடுவது மகளின் பக்கத்தில் இருப்பதற்காக. அந்த வீட்டில் வேடமிட்டவர் கமலின் பாண்டியன் ஒருவர் மட்டும் இல்லை. சாதி ஆசாரம் பேசும் மாமனார் விஸ்வநாத ஐயர் செய்வது தோல் வியாபாரம். சமையற்கட்டில் பாஷா, தன் பெயரை மறைத்து, வாய் பேசாத பிராமணராக வேலை பார்க்கிறார். அந்தப் படம் இந்தியில் ‘சாச்சி 420’ ஆனபோதும், பாஷாவாக நடித்த நாசர் அதே வேலையைச் செய்தார். மும்பையில் வீட்டுக்காரரிடம் பெயரையும் சாப்பாட்டையும் சொல்லிவிட்டு, அறை இல்லை என்ற பதிலை வாங்கியவர்களுக்கு அந்தச் சமையற்கட்டுக் காட்சிகள் சிரிப்பைத் தாண்டியும் ஏதோ சொல்லும். மாமியிடம் மயங்கும் ஆண்களைப் பார்த்துத்தான் அரங்கம் சிரிக்கிறது.

இப்போது உங்கள் பிரதி. கல்யாணமாகாதவர்களுக்கு வீடு இல்லை என்று விரட்டும் வீட்டுக்காரர் முதல் காட்சியோடு காணாமல் போகிறார். இவ்வளவு நல்ல பாத்திரத்தை ஏன் விட்டீர்கள்? இந்தக் கதையில் சிரிக்கப்பட வேண்டியவர் அவர்தான். எட்டுப் பாட்டுகளில் ஆறு இரண்டு இளைஞர்களுக்கு, இரண்டு டூயட். விடுதிப் பெண்ணுக்குத் தனியாக ஒரு வரிகூட இல்லை. தன் ரகசியங்களையெல்லாம் ஒரு தோழியை நம்பிச் சொன்னவள், அந்தத் தோழி ஓர் ஆண் என்று தெரிந்ததும் ‘போடா திருடா’ என்று வெட்கத்தோடு சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பெண் அப்படிச் சிரிப்பாள்? உங்கள் வீட்டுப் பெண்களிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக்காட்டுங்கள்.

மூன்று இடங்களில் உங்கள் நாயகன் இடுப்பை ஒடித்துக் கைதட்டுகிறான். விடுதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பயப்படுகிறவன் எதற்காகக் கைதட்டுவான்? அது திருநங்கைகளைக் கேலி செய்வதற்காகவே திணித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. உங்கள் பொங்கல் மேடை இன்னும் அவர்களைக் காட்டிச் சிரிப்பு வாங்கப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்றையும் இன்றே அடித்துவிடுங்கள்.

நாடகத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வசனங்களில் நகைச்சுவை இருக்கிறது. விடுதிக் காப்பாளர் வரும் காட்சிகள் நன்றாகவே வந்திருக்கின்றன. டூயட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, உண்மை தெரிந்த பிறகு அந்தப் பெண் தனியாகப் பாட ஒரு பாட்டு எழுதுங்கள். அவன் சேலையைக் களையாமல் நின்று அதைக் கேட்கட்டும். அந்தப் பாட்டை நீங்கள் எழுதுவதைவிட, நடிக்க மறுத்த இளைஞர்களில் ஒரு பெண்ணை எழுதச் சொல்வது நல்லது. எழுதி முடித்ததும் பிரதியை அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.