ஆடியில் மொரிஷியஸ்: எந்தக் கரையில் தங்குவது?

கேள்வி: எனக்கு 54 வயது, கணவருக்கு 58. எங்கள் 30ஆவது திருமண நாளுக்கு மகள் எங்களை மொரிஷியஸ் அனுப்புகிறாள். ஜூலை மூன்றாம் வாரம், ஆறு இரவுகள். புதுச்சேரி ஏஜென்ட் தந்த பேக்கேஜில் கிழக்குக் கரையில் பெல் மார் என்ற இடத்தில் ஹோட்டல். வடக்கு டூர், தெற்கு டூர், ஈல் ஓ செர்ஃப் தீவு என்று மூன்று நாள் சுற்றல். விசாவுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார். எனக்கு முட்டிவலி. அவருக்குச் சர்க்கரை, தூக்கத்துக்கும் மாத்திரை போடுகிறார். இருவரும் சைவம், நீச்சல் தெரியாது. இந்த ஏற்பாடு எங்களுக்குச் சரிப்படுமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நாடு சரி, மாதமும் பரவாயில்லை. ஹோட்டல் இருக்கும் கரைதான் சரியில்லை. முன்பணம் முழுவதும் போவதற்குள் அதை மாற்றச் சொல்லுங்கள்.

மொரிஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நமக்கு ஆடி என்றால் அவர்களுக்குக் குளிர்காலம். கடலோரத்தில் பகலில் 24, 25 டிகிரி, இரவில் 17, 18 வரை இறங்கும். கடலூர் வெயிலில் இருந்து போகிறவர்களுக்கு அது சுகமாகத்தான் இருக்கும். தொல்லை காற்றில். நம் ஊரில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அங்கே அதே மாதத்தில் தென்கிழக்கிலிருந்து நாள் முழுக்க, பல நாள் விடாமல் வீசும். அதை நேராக வாங்கிக்கொள்வது பெல் மார் இருக்கும் கிழக்குக் கரை. மணல் அழகுதான், ஆனால் ஜூலையில் அந்த மணலில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத நாட்கள் வரும். கிழக்குக் கரை ஹோட்டல்கள் அந்த மாதத்தில் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தீவின் நடுவே உள்ள மேட்டுநிலமும் மலைகளும் காற்றைத் தடுத்துவிடுவதால் மேற்குக் கரை அமைதியாக, வறட்சியாக இருக்கும். ஆகவே மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், அல்லது வடமேற்கே த்ரூ ஓ பீஷ். உங்கள் முட்டிக்கும் சைவத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் என்பேன்: கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே சாலையில், சமதரையில் இருக்கின்றன. தீவே மொத்தம் 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஹோட்டல் மாற வேண்டாம். தரைத்தள அறை, அல்லது லிஃப்ட் உள்ள கட்டடம் என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கே இரண்டு மாடி ஹோட்டல்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது.

விசா விஷயம். இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்களுக்கு மொரிஷியஸில் விசா கட்டணமே இல்லை. இறங்கியதும் முத்திரை குத்தி அனுப்புவார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவுத் தாள், செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி ஆகியவற்றைக் கேட்கலாம், அச்செடுத்துக் கையில் வையுங்கள். புறப்படும் முன் அவர்களுடைய ஆன்லைன் பயணப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதற்கும் காசு இல்லை. ஏஜென்ட் கேட்கும் பணம் எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பது வேறு கதை. அது முறையானது, வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். பணம் யார் கணக்கிலிருந்து போகிறதோ அவர் பான் எண்ணில்தான் அது ஏறும் என்பதை மகளிடம் சொல்லிவையுங்கள்.

இந்தக் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அவருடைய தூக்க மாத்திரை. தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன், ட்ரமடால் போன்ற வலுவான வலி மருந்துகள் எல்லாம் மொரிஷியஸில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நம் ஊர் மெடிக்கலில் தெரிந்தவர் என்று சும்மா வாங்கிய அட்டையோடு போய் இறங்கினால் சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். செய்ய வேண்டியது: டாக்டரிடம் மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாளைக்கு என்று ஆங்கிலத்தில் எழுதி, பதிவு எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். அதை வைத்து மொரிஷியஸ் சுகாதார அமைச்சகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி அனுமதி பெறுங்கள். பயண நாட்களுக்கு வேண்டியதை மட்டும், அட்டையிலிருந்து பிரிக்காமல் கொண்டுபோங்கள். திங்கள் செவ்வாய் என்று பிரித்துப் போடும் டப்பா வேண்டாம். உங்கள் முட்டிவலி மாத்திரையிலும் ட்ரமடால் கலந்திருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்; கலப்பு மாத்திரைகளில் அது சின்ன எழுத்தில் இருக்கும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அது கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம்.

சாமான் கட்டும்போது இன்னொன்று: கறிவேப்பிலை, மல்லிகைப்பூ, மாம்பழம், விதை எதுவும் வேண்டாம். பச்சையாக, செடியிலிருந்து வந்த எதற்கும் அங்கே அனுமதிச் சீட்டு கேட்பார்கள். கடையில் வாங்கிய பாக்கெட் பொடி வகைகளைக் கொண்டுபோனால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

டிக்கெட். சென்னையிலிருந்து நேரடி விமானம் நினைத்த நாளிலெல்லாம் கிடையாது. மும்பை வழியாகப் போனால் அங்கிருந்து ஆறு மணி நேரம். துபாய் வழி என்றால் மேற்கே நான்கு மணி நேரம் போய், பிறகு தெற்கே ஆறரை மணி நேரம். முட்டிவலியோடு அது தேவையில்லாத சுற்று. நைரோபி, அடிஸ் அபாபா வழியாக மலிவு டிக்கெட் காட்டினால் கவனம்: திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்டு இங்கே நிறுத்த வாய்ப்பு உண்டு. கடலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் வையுங்கள். ஞாயிறு மாலை செங்கல்பட்டு முதல் தாம்பரம் வரை நகராது, அன்றைக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிச் சுற்றிப் பார்ப்பது. பேருந்தில் கூட்டிப்போகும் 'தெற்கு டூர்' பெரும்பாலும் கியூர்பிப் பக்கம் கப்பல் பொம்மைக் கடை, துணிக்கடை என்று தொடங்கும். கடையில் காலைப் பொழுது கழிந்து ஷமரேல் போகும்போது உச்சிவெயிலும் மற்ற எல்லாப் பேருந்துகளும் சேர்ந்திருக்கும். ஷமரேலின் ஏழு வண்ண மண் என்பது எரிமலைப் பாறை மக்கிய களிமண்தான். இரும்பு ஆக்சைடு இருக்கும் பகுதி சிவப்பாகவும், அலுமினியம் மிகுந்த பகுதி ஊதாவாகவும் தெரிகிறது. தலைக்கு மேல் வெயில் வந்தால் எல்லாம் ஒரே செங்கல் நிறமாக வெளுத்துவிடும். ஆகவே இந்த ஒரு நாளைக்குத் தனி டாக்ஸி எடுத்து, வரிசையைத் தலைகீழாக்குங்கள்: திறந்தவுடன் ஷமரேல், பிறகு மேலே ஏறி பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்சி மேடை, அலெக்ஸாண்ட்ரா அருவி, கங்கா தலாவ், கடைசியாக கியூர்பிப்பின் எரிமலை வாய். எல்லா இடத்திலும் வண்டி அருகே போகும், நடை கொஞ்சம்தான். கங்கா தலாவ் ஏரிக்கரையில் 108 அடி சிவன் சிலை இருக்கிறது. பூசைப் பழத்தைக் குரங்கு பிடுங்கும், பையை மூடி வையுங்கள். மேட்டில் கடலோரத்தைவிட ஐந்து டிகிரி வரை குறைவு, தூறலும் சொல்லாமல் வரும். ஸ்வெட்டரும் குடையும் அன்றைக்கு அவசியம். டாக்ஸிக்கு மீட்டர் நம்பிப் பயனில்லை. எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், பெட்ரோல் சேர்த்தா என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஜூலையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் அன்றைய சுற்றைக் காலை எட்டுக்குள் தொடங்குங்கள்.

விளம்பரத்தில் லெ மோர்ன் மலையடியில் 'கடலுக்குள் அருவி' ஒன்று காட்டுவார்கள். அருவி கிடையாது. மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கி நழுவும் நிறம், வானத்திலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றுகிறது. ஹெலிகாப்டர் ஏறினால் மட்டுமே தெரியும், கரையில் நின்றால் ஒன்றும் தெரியாது.

ஈல் ஓ செர்ஃப் தீவை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் கிழக்குக் கரைதான். ஜூலைக் காற்றில் ஸ்பீட் போட் அலைமேல் குதித்துக் குதித்துப் போகும், முதுகும் முட்டியும் தாங்காது. ஏறி இறங்க முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். பேக்கேஜ் மதிய உணவு கோழி, மீன் சுட்டது; சைவம் முந்தின நாளே சொன்னால்தான் கிடைக்கும். அதற்குப் பதில் தென்கிழக்கே புளூ பே கடல் பூங்காவில் கண்ணாடித் தளப் படகு கேளுங்கள். உட்கார்ந்தபடியே பவளப்பாறையும் மீனும் பார்க்கலாம், நீச்சல் தேவையில்லை. காற்று குறைந்த நாளாகப் பார்த்து, காலையில் போங்கள்.

குளிப்பதற்கு உங்கள் கடலூர் வெள்ளி கடற்கரையை மனதில் வைத்துப் பயப்பட வேண்டாம். மொரிஷியஸைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளத்திட்டு வேலியாக நிற்கிறது. அலை வெளியே உடைந்து, உள்ளே குளம் மாதிரித் தண்ணீர். தெற்கே சூய்யாக் பக்கம் கிரி கிரியில் அந்த வேலி இல்லை. அங்கே மேலே நின்று பார்ப்பதோடு சரி, காலைக்கூட நனைக்காதீர்கள். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் தண்ணீருக்குள் பவளத் துண்டுகளும் கடல் முள்ளெலியும் உண்டு. அபூர்வமாகக் கல்மீன், பாறை போலவே கிடக்கும், முதுகு முள்ளில் விஷம். இருவரும் அடி கெட்டியான ரப்பர் ஷூ போட்டே இறங்க வேண்டும். சர்க்கரைக்காரருக்குக் காலில் குத்தியதே தெரியாமல் போகும், ஆகவே மாலையில் அவர் பாதத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்மீன் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலை வைத்தபடி உடனே மருத்துவமனை. வெந்நீரின் சூட்டை அவர் காலால் சோதிக்காமல் உங்கள் கையால் சோதியுங்கள்.

வடக்கு டூரை ஞாயிறில் வைக்காதீர்கள், தலைநகர் போர்ட் லூயி அன்று மூடிக் கிடக்கும். காலை நெரிசல் ஒன்பது மணிக்குமேல் தணிந்தபின் நுழையுங்கள். துறைமுகத்தருகே ஆப்ரவாசி காட்: 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாட்டில் அவர்களைப் பதிவு செய்த இடம், 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே போனவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் 18ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுபோனார்கள். அந்தத் துறைமுகத்தை எழுப்பிய பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே சிலை அங்கே நிற்கிறது. 1746இல் சென்னையைப் பிடித்தவரும் அவர்தான், அதைப் பற்றி அப்போதைய புதுச்சேரி கவர்னர், நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைச் சிலைக்காரர் துய்ப்ளேயோடு சண்டையும் போட்டார். மொரிஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ். 1998இல் அச்சிட்ட நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதற்குத் தமிழர்கள் கொதித்தெழுந்து, நோட்டையே மாற்றி அச்சடிக்க வைத்தார்கள். இருந்தும் தெருவில் தமிழில் வழி கேட்டால் பதில் வராது. பெயரும் கோயிலும் தமிழ், பேச்சு கிரியோல். போர்ட் லூயி கைலாசம் கோயிலில் சொக்கலிங்கம் மீனாட்சியைப் பார்த்துவிட்டு, பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம் போங்கள். முழுக்கச் சமதரை. ராட்சத அல்லி இலைகளையும், சுவடி எழுதிய நம் தாளிப்பனையையும் அங்கே பார்க்கலாம். அருகிலேயே பழைய ஆலையில் சர்க்கரை அருங்காட்சியகம். நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர்களுக்குக் கரும்பு அதிசயமில்லை, முடிவில் விதவிதமான சர்க்கரையைச் சுவைக்கத் தருவதால் உங்கள் கணவரை வெளியே உட்காரவைப்பது உத்தமம்.

சாப்பாட்டுக்குத் தவிக்க மாட்டீர்கள். தால் பூரி என்று தெருவெங்கும் விற்பார்கள்: மெல்லிய ரொட்டிக்குள் பருப்புப் பொடி, மேலே மொச்சைக் குழம்பும் தக்காளிச் சட்னியும், ஜோடியாகச் சுருட்டித் தருவார்கள். 'காத்தோ பிமான்' நம் பருப்பு வடையின் குட்டி. ஏமாறும் இடம் வறுத்த நூடுல்ஸ்: காய்கறி என்று சொல்லியே சிப்பிச் சாறு ஊற்றுவார்கள், கேட்டு வாங்குங்கள். யுபிஐ 2024 முதல் அங்கே இருக்கிறது என்றாலும் தெருக்கடைக்குச் சில்லறை வேண்டும். நம் மூன்று முள் பிளக் பொருந்தாது, அடாப்டர் எடுங்கள்.

கடைசி நாள் விமானம் இரவு என்றால் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு விமான நிலையத்தில் உட்கார வேண்டாம். நிலையம் தென்கிழக்கே, புளூ பேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கிலிருந்து வரும் அதே டாக்ஸியைப் பெட்டியோடு நிறுத்திக்கொண்டு கண்ணாடிப் படகை அன்று வைத்துக்கொள்ளலாம். அது திங்கட்கிழமையாக அமைந்தால் மாயபூர் சந்தையும் கூடும். வனிலா டீ அங்கேயே வாங்குங்கள்.