பையோடு கிளம்புகிறேன், கல்லூரிக்குப் போவதில்லை

வணக்கம் மேடம்.

எனக்கு 20 வயது. மும்பை தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார். அம்மாவுக்கு ராத்திரி கிரைண்டர் போடுவதில் தொடங்கி, விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைப்பது வரை வேலைதான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஜூனியர் காலேஜில் ஆங்கிலத்துக்கு மாறினேன். இப்போது பி.எஸ்ஸி. ஐ.டி. இரண்டாம் வருடம். “எம்பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது” என்று அப்பா இட்லி வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

முதல் வருடத்தில் கணக்கில் மட்டும் ஒரு கேடி (தேறாமல் மறுபடி எழுத வேண்டிய பாடம்) விழுந்தது. எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்த செமஸ்டரில் ஏனோ எதுவுமே ஏறவில்லை. புத்தகத்தைத் திறந்தால் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். லேபில் மேம் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில் வாய் வராமல் நிற்கிறேன். பின்னால் யாரோ சிரிக்கிற மாதிரியே இருக்கும்.

கணபதி லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்று சயானில் ரயில் ஏறினேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தானே ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு பெரும்பாலான நாள் இதே கதைதான். வெயில் குறைவாக இருந்தால் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் போய் உட்காருவேன். டப்பாவில் அம்மா வைத்த எலுமிச்சை சாதத்தில் பாதி சாப்பிடுவேன், மீதியை நாய்க்குப் போடுவேன். கல்லூரி விடுகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். வருகை குறைந்தவர்களின் டிஃபால்ட்டர் லிஸ்ட்டில் என் பெயர் வந்துவிட்டது. பெற்றோரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ராத்திரி கிரைண்டர் நின்ற பிறகும் தூக்கம் வருவதில்லை. சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை மேடம். ஆனால் படுத்தால் அப்படியே காலையில் எழுந்திருக்காமல் போனால் நன்றாக இருக்குமே என்று சில ராத்திரி தோன்றுகிறது.

ஒரு வருடம் பிரேக் எடு என்கிறாள் தோழி. எடுத்தால் படிப்பு அதோடு போய்விடுமா? ஊரில் அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். “படிப்பு முடியட்டும்” என்று அப்பா தள்ளிப்போடுகிறார். படிப்பு நின்றது தெரிந்தால் வரும் பொங்கலுக்கே தட்டு மாற்றிவிடுவார்கள். அத்தான் நல்லவர்தான், ஆனால் எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்விடட்டுமா?

- பெயர் வேண்டாம், தாராவி

ஆலோசகர் பதில்:

“எழுந்திருக்காமல் போனால் நன்றாக இருக்குமே” என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி, அத்தை, டிஃபால்ட்டர் லிஸ்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த நினைப்பு வருவதால் நீங்கள் கோழை ஆகிவிடவில்லை. உடம்பும் மனசும் ரொம்பவே களைத்துப் போனவர்களுக்கு அது வரும். ஆனால் தனியாக வைத்துச் சுமக்கிற விஷயம் இல்லை அது. பிரேக் எடு என்று சொன்ன தோழியிடம் இதையும் சொல்லுங்கள், இன்றைக்கே. நடுராத்திரியில் தோன்றினால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ அது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். நினைப்பு வலுத்து, என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று ஓட ஆரம்பித்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அம்மாவை எழுப்புங்கள். உங்கள் வீட்டில் மூன்று மணிக்கு எப்படியும் விளக்கு எரியும்.

அடுத்தது பிரேக். எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அதை எடுத்து நாளாகிவிட்டது. கணபதி லீவிலிருந்து நீங்கள் விடுப்பில்தான் இருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லாமல், எந்தத் தாளிலும் எழுதாமல், திரும்பி வரும் தேதி இல்லாமல் எடுத்த விடுப்பு அது. அதனால்தான் அதில் துளி ஓய்வும் இல்லை. கல்லூரிக்குப் போவதைவிட, போனதாகக் காட்டுவதற்கு அதிக உழைப்பு வேண்டியிருக்கிறது. டப்பாவைக் காலி செய்வது, மணி பார்த்துத் திரும்புவது, இன்று என்ன பாடம் என்று அம்மா கேட்டால் பதில் தயார் செய்வது. இத்தனையையும் செய்துகொண்டு ஒருவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

அந்த ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருக்கும்போது ‘அப்பாடா’ என்று ஒரு நிமிடம் இருந்திருக்கும். பயத்தை வளர்ப்பது அந்த நிமிடம்தான். தப்பித்தால் நிம்மதி என்று மூளை படித்துக்கொள்கிறது, மறுநாள் இறங்குவது இன்னும் கஷ்டமாகிறது. அதனால்தான் “தாராளமாக ஒரு வருடம் எடுங்கள்” என்று நான் உடனே சொல்லவில்லை. களைப்புக்கு விடுப்பு உதவும். பயத்துக்கு உதவாது, பயம் வீட்டில் உட்கார்ந்து கொழுக்கும். உங்களிடம் இரண்டும் கலந்து கிடப்பதாகத்தான் உங்கள் எழுத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. எது எவ்வளவு என்று நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே, பிரேக்குக்கு முன்னால் டாக்டர். உங்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான். காலையில் போய் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுத்து, மனநலப் பிரிவு என்று கேளுங்கள். தூக்கமின்மை, பசி குறைந்தது, படித்தது பதியாதது, அந்த ராத்திரி நினைப்பு, நான்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் நின்றால் பாதி மறந்துவிடும். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் எது குறைந்தாலும் வருகிற சோர்வு மனச்சோர்வு மாதிரியே இருக்கும், மனச்சோர்வோடு சேர்ந்தும் வரலாம். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு 18 வயது தாண்டிவிட்டது. டாக்டரிடம் நீங்கள் சொன்னது வெளியே போகாமல் இருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகள் மட்டும்தான் விதிவிலக்கு. அந்த மாதிரி நிலைமை இல்லாதவரை, நீங்கள் கேட்காமல் யாரும் அப்பாவுக்குப் போன் போடக்கூடாது.

பல்லைக் கடித்துக்கொண்டு போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 75 சதவீத வருகை இல்லாமல், தூக்கமில்லாமல் போய் உட்கார்ந்தால் ஒரு கேடி நாலு கேடியாகும்.

டாக்டரும் ஓய்வு தேவை என்றால், அதைத் தாளில் எடுங்கள். மருத்துவச் சான்றோடு கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். உடல்நலக் காரணத்தால் இந்தப் பருவத்தைத் தொடர முடியவில்லை, அடுத்த ஜூனில் மூன்றாம் செமஸ்டரிலிருந்து மறுபடி சேர அனுமதி வேண்டும் என்று நாலு வரி போதும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். வாய்ச்சொல்லை நம்பி வந்தவர்கள் ஜூனில் “அந்தக் கிளார்க் மாறிட்டார்” என்று கேட்டு நின்ற கதை எனக்கு நிறையத் தெரியும். கட்டிய ஃபீஸ் என்ன ஆகும், உதவித்தொகை இருந்தால் அது நிற்குமா, கணக்கு கேடியை மட்டும் இடையில் எழுதலாமா, இந்த மூன்றையும் அன்றைக்கே கேளுங்கள். எழுதலாம் என்றால் அந்தத் தேர்வை விடாதீர்கள். பயம் கொழுக்காமல் இருக்க கல்லூரி வாசலை அவ்வப்போது மிதிப்பது நல்லது. படிக்கிறவர்களுக்கான ரயில் பாஸ் சலுகை மட்டும் இருக்காது.

முதல் வருடம் படித்தது வீண் போகாது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ முறையில் நீங்கள் சேர்த்த கிரெடிட்டுகள் (தேறிய பாடங்களுக்கான புள்ளிகள்) ஏழு ஆண்டுகள் வரை செல்லும். உங்கள் கிரெடிட்டுகள் அதில் ஏறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கல்விக் கொள்கைப்படி முதல் வருடத்தோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறி, மூன்று வருடத்துக்குள் மறுபடி சேரும் வழியும் இருக்கிறது. யாராவது அந்த ஃபாரத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது வெளியேறுவது, நீங்கள் கேட்பது இடைவெளி. பின்னாளில் வேலைக்குப் போகும்போது இடைவெளி ஏன் என்று கேட்பார்கள். உடல்நிலை, சிகிச்சை எடுத்தேன், முடித்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் போதும். படிப்பில் இடைவெளி இத்தனை காலத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைக்கிற கம்பெனிகள் உண்டு. அதனால் ஒரு வருடத்தை இரண்டாக நீட்டாதீர்கள்.

விடுப்பில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காததே நல்லது. முதல் மாதம் தூங்குங்கள். அப்புறம் தினம் கொஞ்சநேரம் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படியுங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு லேபில் வாய் வராமல் நிற்பது மூளைக் குறைவு இல்லை, பழக்கக் குறைவுதான்.

இனி அப்பா. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த நேரம் பாருங்கள். முந்தைய நாளே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மிச்சச் சாதம் இல்லாத டப்பாவைக் கழுவினாலும் மகள் இளைத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அப்பாவிடம் பேச்சை “காலேஜ் போகல” என்று தொடங்க வேண்டாம். “எனக்கு உடம்பு சரியில்லப்பா, சயான்ல காட்டினேன்” என்று தொடங்கி, கேஸ் பேப்பரைக் கையில் கொடுங்கள். ரயிலில் சுற்றியதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு வேறு யார் மூலமாகவாவது தெரியக்கூடாது. கோபப்படுவார். கோபம் அடங்கியதும், முத்திரை வாங்கிய கல்லூரிக் கடிதத்தைக் காட்டுங்கள். ‘அடுத்த ஜூன்’ என்று அதில் எழுதியிருப்பது, அத்தைக்குச் சொல்ல அவர் கையில் இருக்கும் பதில். “படிப்பு முடியட்டும்” என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டவர் அவர்தான். உங்கள் பக்கம் நிற்கிறவரிடம்தான் பேசப் போகிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் பொங்கலுக்கு ஊருக்கு ரயில் ஏறும் முன்பே மும்பையில் பேசி முடித்துவிடுங்கள். அத்தை வீட்டுத் திண்ணையில், நாலு சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து அப்பா முதல்முறையாகக் கேள்விப்பட்டால், உங்களுக்காகப் பேச அவருக்கு வாய் வராது.