கட்டட இன்சூரன்ஸில் உங்கள் பங்குத் தொகை எகிறிவிட்டதா? முதலில் பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் எட்டு ஃப்ளாட் உள்ள கட்டடத்தில் எங்களுக்கு ஒரு லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகையில் வாங்கிய) ஃப்ளாட் இருக்கிறது. கட்டட இன்சூரன்ஸுக்கு எங்கள் பங்காகப் போன வருடம் 340 பவுண்ட் வந்தது, இந்த வருடம் 910. மேனேஜிங் ஏஜென்ட்டைக் கேட்டால் "மார்க்கெட் நிலவரம் அப்படி" என்கிறார். நாங்களே வேறு கம்பெனியில் எடுத்துக்கொள்ளலாமா? இல்லை, இந்தத் தொகையைக் கட்டாமல் நிறுத்தலாமா?

பதில்: தனியாக எடுக்க முடியாது. மொத்தக் கட்டடத்தையும் அதன் உரிமையாளரான ஃப்ரீஹோல்டர் இன்சூர் செய்து, செலவை எல்லாரிடமும் பிரித்து வசூலிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான ஃப்ளாட் லீஸ்களில் எழுதியிருக்கும். நீங்கள் தனியாக ஒரு பாலிசி எடுத்தாலும் அவர் பில் நிற்காது. லீஸ்ஹோல்டில் முழு வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் சில நிபந்தனைகளோடு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

கட்டாமல் நிறுத்துவதும் ஆபத்து. பாக்கி வைத்தால் லீஸையே ரத்து செய்வோம் என்ற மிரட்டல் கடிதம் வரும், மோர்ட்கேஜ் வங்கிக்கும் தகவல் போகும். பணத்தைக் கட்டுங்கள். கூடவே "இந்தத் தொகையை ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பணம் கட்டியதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பல வருடம் வாய் திறக்காமல் கட்டிவந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பும் வந்திருக்கிறது. அதனால்தான் அந்த மின்னஞ்சல். ஒரு விதிவிலக்கு உண்டு. சர்வீஸ் சார்ஜ் (இன்சூரன்ஸ், பராமரிப்பு போன்ற கட்டடச் செலவில் உங்கள் பங்கு) கேட்கும் கடிதத்தோடு உங்கள் உரிமைகளைச் சொல்லும் சுருக்கக் குறிப்பு இணைந்திருக்க வேண்டும். அது இல்லை என்றால், வரும்வரை பணத்தை நிறுத்திவைக்கலாம்.

சரி, விலையைப் பற்றிச் சண்டை போடுமுன் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 30ஏ பிரிவைக் குறிப்பிட்டு, இன்சூரன்ஸ் விவரச் சுருக்கமும் முழுப் பாலிசியைப் பார்க்க வாய்ப்பும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். 21 நாளில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமின்றிக் கொடுக்காமல் இருப்பது குற்றம். ஏஜென்ட்டுகளுக்கு இது தெரியும், அதனால் பிரிவின் எண்ணைப் போட்டுக் கேட்டால் பதில் கொஞ்சம் வேகமாக வரும்.

கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கட்டடத்தை எவ்வளவுக்கு இன்சூர் செய்திருக்கிறார்கள் என்பதை. அது கட்டடத்தை இடித்துத் திரும்பக் கட்ட ஆகும் செலவாக இருக்க வேண்டும். விற்பனை விலை அல்ல. லண்டனில் விற்பனை விலையில் பெரும்பகுதி நிலத்தின் விலை, நிலம் தீயில் எரியாது. சர்வேயர் ஒருவர் கடைசியாக எப்போது மதிப்பிட்டார் என்றும் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு செய்வது நல்ல வழக்கம். பல கட்டடங்களில் பழைய எண்ணின் மேல் வருடாவருடம் சதவீதம் ஏற்றிக்கொண்டே போயிருப்பார்கள். தொகை குறைவாக இருந்தாலும் மகிழ வேண்டாம். நாளை கிளெய்ம் வரும்போது அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

அடுத்து, ஐந்து வருடக் கிளெய்ம் வரலாறு. மேல் ஃப்ளாட் குளியலறைக் குழாய் நாலு முறை ஒழுகியிருந்தால் பிரீமியம் ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள் இருந்தாலும் அப்படித்தான். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் பிடித்த தீக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதில் மிகக் கறாராக இருக்கின்றன. கூடவே 12 சதவீத இன்சூரன்ஸ் வரியும் உண்டு, அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

பேசவேண்டியது கமிஷனைப் பற்றி. 2022இல் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ ஆராய்ந்தபோது, 30 சதவீதமும் அதற்கு மேலும் கமிஷன் போவது சர்வசாதாரணம் என்று தெரியவந்தது. புரோக்கர் வாங்கியதில் ஒரு பங்கு ஃப்ரீஹோல்டருக்கோ ஏஜென்ட்டுக்கோ திரும்பிப் போகும். பில் கட்டுவது நீங்கள், லாபம் அவர்களுக்கு; விலையைக் குறைக்க யாருக்குத்தான் மனசு வரும்? 2023 டிசம்பர் 31 முதல் புதிய விதிகள் வந்தன. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் புரோக்கர்களும் லீஸ்ஹோல்டர்களின் நலனையும் பார்க்க வேண்டும், கமிஷன் உள்ளிட்ட விவரங்கள் உங்களுக்கு வந்துசேர வழிசெய்ய வேண்டும். "யார் யாருக்கு எவ்வளவு போனது, எதற்காக, வேறு எத்தனை கொட்டேஷன் பார்த்தீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். இந்தக் கமிஷன்களைத் தடுக்கும் பிரிவு 2024 லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பகுதி பகுதியாகத்தான் அமலுக்கு வருகிறது, எனவே அதை மேற்கோள் காட்டுமுன் அன்றைய நிலையைப் பாருங்கள்.

அப்புறம் ஆதாரம். ஃப்ரீஹோல்டர் ஆக மலிவான பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. "இணையத்தில் 200 பவுண்டுக்குக் கிடைக்கிறதே" என்ற வாதம் தீர்ப்பாயத்தில் எடுபடாது. அதே மதிப்பு, அதே கிளெய்ம் வரலாறு, அதே எக்ஸஸ் (கிளெய்மில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை), பயங்கரவாதக் காப்பீடு இருந்தால் அதுவும் சேர்த்து, ஃப்ளாட்களை வாடகைக்கு விட்டிருந்தால் அதையும் சொல்லி, முழுக் கட்டடத்துக்கும் இரண்டு புரோக்கர்களிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். 2017இல் சிஓஎஸ் சர்வீசஸ் எதிர் நிக்கல்சன் வழக்கில், தன் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாலிசி எடுத்திருந்த ஃப்ரீஹோல்டர் "மார்க்கெட்டில்தான் வாங்கினேன்" என்றார். ஒப்பிடத்தக்க கொட்டேஷன்கள் பல மடங்கு குறைவாக இருந்தபோது அந்தப் பதில் போதாது என்று மேல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. உங்கள் ஏஜென்ட் சொல்வதும் அதே பதில்தான்.

இதற்கும் மசியவில்லை என்றால், அதே 1985 சட்டத்தின் 27ஏ பிரிவின்கீழ் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். வேல்ஸில் இதற்குத் தனித் தீர்ப்பாயம். வக்கீல் கட்டாயமில்லை. 20சி பிரிவின்கீழும் ஓர் உத்தரவு கேட்க மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஜெயித்த வழக்கின் செலவையே அடுத்த வருட சர்வீஸ் சார்ஜில் போட்டு அனுப்பப் பார்ப்பார்கள். போகுமுன் அரசு நிதியில் நடக்கும் லீஸ் (LEASE) என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகப் பேசிப் பாருங்கள்.

எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து போனால் கட்டணம் பகிர்ந்துபோகும். அப்படி ஒற்றுமை இருந்தால் 'ரைட் டு மேனேஜ்' உரிமையையும், அதாவது ஃப்ளாட்காரர்களே ஒரு கம்பெனி அமைத்துக் கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையையும், யோசியுங்கள். ஃப்ரீஹோல்டரின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. நிர்வாகமும், அதோடு இன்சூரன்ஸ் எடுக்கும் பொறுப்பும் உங்கள் கம்பெனிக்கு வந்துவிடும். கட்டடம் மற்ற நிபந்தனைகளுக்குப் பொருந்தினால், எட்டில் நாலு ஃப்ளாட் சேர்ந்தாலே போதும். அந்த நாலு பேரும் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதில்லை, வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவரும் கையெழுத்துப் போடலாம்.