ராஸ்பெர்ரி பை பாட்டுப்பெட்டியில் உறுமலும் கரகரப்பும் வருகிறது; டாக் போர்டை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டாக் போர்டை (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் சிறு போர்டு, DAC) சந்தேகப்பட இப்போதைக்குக் காரணமே இல்லை.

உங்களிடம் இருப்பது பை 4, அதாவது ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியின் நான்காம் மாடல். அதில் பிசிஎம்5102 சிப் வைத்த ஊதா நிற டாக் போர்டு, பாட்டெல்லாம் ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில், ஐயா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், கானாடுகாத்தானில் பழைய வீடு. சில நேரம் உறுமல், சில நேரம் கரகரப்பு, நடுவில் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் போர்டை மாற்றக் கேட்கிறீர்கள். காரைக்குடியைச் சுற்றி இந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்து கொடுத்தும் பழுது பார்த்தும் வருகிறவன் நான். கோளாறு பெரும்பாலும் கரண்ட் உள்ளே வரும் வழியில்தான் இருக்கும்.

முதலில் காதால் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயர் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பாட்டே இல்லாதபோதும் "ம்ம்ம்" என்று ஒரே சீராக வருவது உறுமல். பாட்டு ஓடும்போது மட்டும் டிக், டப் என்று தெறிப்பது கரகரப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கரகரப்பையும் ரீஸ்டார்ட்டையும் சேர்த்தே பார்க்கலாம். உங்கள் பெட்டிக்குப் போன் சார்ஜர் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். பை 4-க்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். சாதாரண சார்ஜர் 5 வோல்ட்தான் தரும். அதோடு மெலிந்த கேபிள். உள்ளே 0.08 சதுர மில்லிமீட்டர் கம்பி இருந்தால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. கரண்ட் போய்த் திரும்ப வேண்டுமே, அதனால் ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.42 ஓம். பையும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தாலே 0.42 வோல்ட் வழியிலேயே போய்விடும். போர்டுக்கு வந்து சேர்வது 4.58. பை தன் எச்சரிக்கை எல்லையாக வைத்திருப்பது 4.63 வோல்ட். அதற்குக் கீழே போனால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஹார்டு டிஸ்க்கும் தடுமாறும், பாட்டின் தரவு நேரத்துக்கு டாக்குக்குப் போய்ச் சேராது. அந்த இடைவெளிதான் "டிக்" என்று கேட்கிறது. இன்னும் இறங்கினால் ரீஸ்டார்ட். சார்ஜர் மேல் 3 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

திரை மாட்டியிருந்தால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். திரை இல்லாத பெட்டியென்றால் போர்டிலுள்ள சிவப்பு எல்இடியைப் பாருங்கள். நிலையாக எரியாமல் விட்டு விட்டு எரிந்தால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 40 பின் வரிசையில் 2-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பைக்கென்றே செய்த, கேபிள் பிரியாத சப்ளையை வாங்கிப் போடுங்கள். ஹார்டு டிஸ்க்குத் தனிச் சப்ளை உள்ள யுஎஸ்பி ஹப் வைத்தால் பாதிப் பாரம் குறையும். பாட்டு அதிகம் இல்லையென்றால் பென் டிரைவே போதும்.

இனி உறுமல். பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ ஒயரை ஆம்ப்ளிஃபயர் பக்கம் கழற்றுங்கள். அப்படியும் உறுமினால் பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல வருடம் ஓடிய ஆம்ப்ளிஃபயரில் சப்ளைப் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இருந்தால் கேட்டவுடனே சொல்லிவிடுவார். மாற்றக் கொடுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள், ஆஃப் செய்த பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

ஒயரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் மறுபடி மாட்டிவிட்டு, பையை மட்டும் ஒரு நல்ல பவர் பேங்க்கில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அது எர்த் சுற்று, அதாவது இரண்டு கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் சேர்ந்து உண்டாகும் வளையம். டிவிக்கு ஹெச்டிஎம்ஐ ஒயர் போகிறதா? டிவியில் கேபிளோ டிஷ்ஷோ இருந்தால் அந்த வழியாகவும் சுற்று உண்டாகும், கழற்றிப் பாருங்கள். நம் ஊர் வீடுகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. முகப்பில் ஒரு காலத்து ஒயரிங், வளவில் (உள் முற்றத்தில்) ஒரு காலத்து ஒயரிங், இரண்டாம் கட்டில் இன்வெர்ட்டர் லைன் தனி. ஆம்ப்ளிஃபயர் ஒரு லைனிலும் பையும் ஹார்டு டிஸ்க்கும் வேறொரு லைனிலும் இருந்தால் உறுமல் வரத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டுக்குக் கொண்டு வாருங்கள். அப்போதும் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஆர்சிஏ ஒயருக்கு நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் சுற்றை அறுக்கும் சிறு கருவி) போடலாம்.

எர்த் பின்னை ஒடித்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியைத் தொடப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள். மாறாக, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறிவிடும். குழியில் தண்ணீர் ஊற்றி வருகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

கரண்ட் போனபோது மட்டும் "ஸ்ஸ்ர்ர்" என்று கூரான இரைச்சல் வருகிறதென்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் வகை அப்படித்தான் கத்தும். சைன் வேவ் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டாக் போர்டு. அதிலும் சிப்பைவிட ஈய இணைப்புகளைப் பாருங்கள். போர்டில் எஸ்சிகே (SCK) என்று எழுதிய இடம் கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். முன்பக்கம் அதற்கென்றே இரண்டு சிறு புள்ளிகள் இருக்கும், ஒரு சொட்டு ஈயம் வைத்தால் போதும். அது தொங்கலில் கிடந்தால் போர்டு ஒரு சமயம் பாடும், ஒரு சமயம் இரையும். பின்பக்கத்து நான்கு இணைப்புகளில் 1, 2, 4 மூன்றும் எல் (L) என்று எழுதிய பக்கம், 3 மட்டும் எச் (H) பக்கம். மூன்றாவது எல் பக்கம் போனால் போர்டு ஊமையாகிவிடும். ஒயர்கள் பையின் 12, 35, 40-ஆம் பின்களிலிருந்து முறையே பிசிகே (BCK), எல்சிகே (LCK), டின் (DIN) இடங்களுக்கு வர வேண்டும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பாட்டுப் போடும் சாஃப்ட்வேராக வாலுமியோவோ மூடோ எது போட்டிருந்தாலும் அதன் செட்டிங்கில் ஹைஃபைபெர்ரி டாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தச் சிப்பில் வால்யூம் கட்டுப்பாடு கிடையாது. அதனால் மிக்சர் (வால்யூமை எது கட்டுப்படுத்துவது என்ற செட்டிங்) சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும். ஹார்ட்வேர் என்று வைத்தால் வால்யூம் நகராது.

பாட்டு "கணீர் கணீரென்று குழம்புகிறது" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது மின்சாரக் கோளாறாகத் தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் ஹெட்போன் துளையில் கேளுங்கள். அங்கே தெளிவாக இருந்தால் குழப்பம் வீட்டினுடையது. முட்டைவெள்ளை சேர்த்து மெருகிட்ட சுண்ணாம்புச் சுவர், தரையில் ஆத்தங்குடிக் கல், உயரத்தில் கூரை: எதுவும் ஒலியை விழுங்காது, எல்லாம் திருப்பி அனுப்பும். நாகஸ்வரத்துக்கு அந்த வளவு அற்புதமாக இருக்கும், ஸ்பீக்கருக்கு அப்படியில்லை. தடித்த ஜமக்காளம் ஒன்றை விரித்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

எல்லாம் சரியானதும் ஒரு வேலை. கரண்ட் போகிற ஊரில் மெமரி கார்டுதான் அடுத்துக் கெடும். எழுதிக்கொண்டிருக்கும்போது சப்ளை நின்றால் உள்ளிருப்பது சிதையும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டு அதில் எம்பிடி (பாட்டுப் போடும் சாஃப்ட்வேர், MPD) ஓட்டுகிறீர்கள் என்றால் செட்டிங்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று இருக்கும். அதை ஆன் செய்தால் கார்டில் எதுவும் எழுதப்படாது. புதிதாகப் பாட்டு ஏற்றும் அன்றைக்கு மட்டும் அதை ஆஃப் செய்து, பாட்டுப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய பட்டியல்தான் வந்து நிற்கும்.